வரியில்லாத சிவப்புக் கண்ணாடி

நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதப்போகிறேன். அப்பா லாரியில் ஈரோட்டுக்குப் போனபோது வாங்கி வந்த சிவப்புக் கண்ணாடி என் மேசைமேல் இருக்கிறது. வரியே இல்லை, வழுவழுப்பாக இருக்கிறது. நீ கேட்டது இதுதான்.

இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்ன பிறகு நீ பள்ளிக்கு வரவில்லை. வேட்டைக்காரன் உருவில் தெரியும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே இருக்கும் ஒளிமேகத்தை நாமே படம்பிடிக்க வேண்டும் என்பதுதான் உனக்கிருந்த ஒரே ஆசை. உங்கள் மொட்டைமாடியில், கீல் போட்ட பலகைமேல் கேமராவைக் கட்டினோம். வானம் நகர நகர, கேமராவும் கூடவே நகரும்படி பலகையின் திருகாணியை நீ மெல்லத் திருப்பினாய். பக்கத்துத் தறிக்கூடத்து வாசலில் எரிந்த பாதரச விளக்கால் படம் முழுக்க வெளுத்துப்போயிற்று.

கொஞ்ச நேரம் அதை அணைக்க முடியுமா என்று தறிக்கூடத்துக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"தறி ஓடற வரைக்கும் லைட்டு எரியோணும் சாமி. நட்சத்திரமா எனக்குச் சோறு போடுது?" என்றார்.

நீ கோபப்படவில்லை. "அவரு அணைக்காட்டிப் போறாரு. ஒளிமேகம் செவப்பு, இந்த லைட்டு நீலம். செவப்புக் கண்ணாடி வெச்சுத் தடுத்துரலாம்டி. வெளிச்சம் கம்மியாத்தான் வரும், ரொம்ப நேரம் திருகோணும். நான் திருகறேன்" என்றாய்.

அப்பா நாமக்கல் பட்டறையிலிருந்து லாரி டெயில் லைட்டின் சிவப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். அதை லென்ஸ் முன்னால் கட்டி எடுத்த படத்தில் வெளுப்பு போய், வானம் கறுத்திருந்தது. ஆனால் கண்ணாடியின் உள்பக்கத்தில் மேடும் பள்ளமுமாக இருந்த வரிகளால் ஒவ்வொரு நட்சத்திரமும் கோடுகோடாக இழுபட்டிருந்தது.

"பாருடி, ஓரியன் பிரேக் போடறான்!" என்று சிரித்தாய். சிரிப்பிலேயே மூச்சு வாங்கியது. உன் அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினார். "வரியில்லாத கண்ணாடி வாங்கியாரச் சொல்லு புள்ள" என்றாய், மூச்சு திரும்பியதும்.

அப்பா அதை வாங்கி வந்த அன்று உங்கள் வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் உன்னை எடுத்துப் போய்விட்டார்கள்.

வீதியில் சாவு விழுந்தால் தறி ஓட்டுவதில்லை. அத்தனை தறிகளும் நின்றிருந்தன. இருட்டியதும் உங்கள் மாடிக்கு ஏறினேன். ஒளிமேகம் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்தது. திருகாணியைத் திருப்ப நீ இல்லை. கையில் கண்ணாடி இருந்தது; தடுப்பதற்கு வெளிச்சம் இல்லை.

இப்போதும் அதைத் துணியில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

நீ போன அன்று தறிக்கூடத்துக்காரரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. அவராகவே விளக்கை அணைத்துவிட்டிருந்தார்.