கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பறி

அனுப்பம்பட்டு
12.02.2024

தம்பி தாமோதரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்தால் உன் பக்கத்தில் எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது நைனாவுக்குப் பதிலாக நீதான் எனக்குக் கடிதம் எழுதுவாய். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இது. நிவேதாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வருகிறது. மகள்தானே என்று அவளை இறால் தரம் பிரிக்க உட்காரவைக்காதே.

சனிக்கிழமை இருசம்மாளை அழைத்துக்கொண்டு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஓவியர் கண்ணப்பன் போன வருடம் நம் ஏரிக்கரையில் தங்கி ஆட்களை வரைந்தாரே, அந்தப் படங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். ஏழைகளின் முகச் சுருக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் கூட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருசம்மாள் கேட்டதால் போனேன். அவள் புருஷன் தங்கவேலுக்கு ஆதாரில் இருக்கும் நிழலைத் தவிர வேறு படமே இல்லை. பொன்னேரியில் ரயில் ஏறியதிலிருந்து, ஆள் உயரத்துக்கு இருக்குமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

ஆள் உயரத்துக்கே இருந்தது. தங்கவேல் கரையில் நின்று சிரிக்கிறான். இறால் துழாவ இரண்டு கையும் வேண்டியிருப்பதால் பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்களே, அப்படி வருடக்கணக்காகக் கடித்துத் தேய்ந்த முன்பல்லைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார். ஒரு பெண் அவனோடு செல்ஃபி எடுத்தாள். இருசம்மாள் ஒதுங்கி இடம் கொடுத்தாள். அழவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு பறி. கீழே சீட்டு: "தங்கவேலின் பறி. படம் முடிந்த அன்று, 17 ஆகஸ்ட் 2023, அவரே கொடுத்தது." இருசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான் பின்னுனதும்மா. ஓலை பத்தாம வாயோரத்துல பச்ச நைலான் போட்டு முடிச்சேன், பாரு."

நிமிர்ந்து என்னைக் கேட்டாள்: "அப்ப தண்ணில மெதந்துச்சே, அது யாருது?"

தங்கவேல் பதினெட்டாம் தேதி விடியலில் ஏரியில் இறங்கியவன் திரும்பவில்லை என்றுதான் ஊரில் சொன்னீர்கள். நான்காம் நாள் முகத்துவாரத்தில் கிடந்ததென்று நீ ஒரு பறியைக் கொண்டுவந்தாய். பிய்ந்து கிடந்தது. எல்லோரும் அவனுடையதுதான் என்றார்கள், அவளும் தலையாட்டினாள். அதை வைத்துத்தான் தேடுவதை நிறுத்திப் பதினாறாம் நாள் காரியமும் செய்தார்கள்.

நீ தவறாக எண்ணி எடுத்து வந்திருக்கலாம். அப்படியானால் அதை எழுது.

அக்கா
அமுதவல்லி

*

18.02.2024

அக்காவுக்கு தாமு எழுதிக்கினது,

இங்க எல்லாரும் சொகம். பத்து நாளா காத்து சரியில்ல, வலையில நண்டு கூட ஏறல. நிவேதா படிக்கிறா. நீ லெட்டர் போட்டதப் பாத்து உன் தம்பி பொண்டாட்டி, "அமுதா அண்ணிக்கு போன் ரிப்பேரா"ன்னு சிரிக்கிறா.

பறின்னா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். ஒண்ணக் குடுத்தா இன்னொண்ண எடுத்துக்கினு எறங்கியிருப்பான். இதுக்குப் போயி ஒரு லெட்டரா? கையால எறா புடிக்கிற அவன் கூட்டாளிங்க நாம வலை போடற பாட்டு எடத்துல எறங்கக்கூடாதுன்னு ஊரு கட்டுப்பாடு போட்டதுக்கு தாசில்தார்கிட்ட மனு குடுத்தான். அதனால எங்க மேல சந்தேகம்னு அப்பவே சில பேர் கெளப்பி விட்டாங்க. போலீஸு கேட்டப்ப நான் சொன்னதுதான் இப்பவும்: அந்த வாரம் பூரா அவன நான் கண்ணால பாக்கல.

அந்த ஓவியர ரொம்பப் பெரிய ஆளுன்னு நெனச்சுக்காத. "பல்ல இன்னிக்குத்தான் போட்டாரு தாமண்ணா, எங்காத்தா பாத்தா வெளக்குமாத்தால அடிப்பா"ன்னு தங்கவேலே சிரிச்சான். உள்ளத உள்ளபடி வரஞ்சா அது ஒரு படமா?

அந்தப் பறிய அங்கேருந்து கேட்டு வாங்க முடியுமான்னு பாரு. நம்ம ஏரிப் பொருளு, மெட்ராஸ்ல இன்னாத்துக்கு?

இருசம்மாள இனிமே எங்கியும் இட்டுக்கினு போவாத. ஊர்ல பேசறாங்க. நீ படிச்சவ, உனுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

தம்பி
தாமு

*

அனுப்பம்பட்டு
25.02.2024

தாமு,

உன் கடிதத்தை வகுப்பில் விடைத்தாள் படிப்பதுபோலப் படித்தேன். முதல் முறை ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் முறை இரண்டு வரிகளின் கீழ் கோடு போட்டேன்.

அந்த வாரம் முழுக்க அவனைப் பார்க்கவில்லை என்கிறாய். அதற்கடுத்த பத்தியிலேயே, பல்லை இன்றுதான் வரைந்தார் என்று அவன் உன்னிடம் சொல்லிச் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். கண்ணப்பனை நேரில் போய்ப் பார்த்தேன். நான் எதையும் சொல்லவில்லை, பல்லை எப்போது வரைந்தார் என்று மட்டும் கேட்டேன். அதைக் கடைசியாகத்தான் வரைந்தாராம், பதினேழாம் தேதி மதியம். பறியைக் கொடுக்கும்வரை அவன் அவர் எதிரிலேயே நின்றானாம். தங்கவேல் பறியைக் கொடுக்கும்போது எடுத்த போட்டோவைப் போனில் காட்டினார். மணி மூன்று நாற்பது. அதற்குப் பிறகு அவன் கையில் பறி இல்லை. அதற்குப் பிறகுதான் உன்னிடம் பேசியிருக்கிறான்.

இன்னொரு பறி எடுத்திருப்பான் என்கிறாய். அந்த வீட்டில் இருந்தது இரண்டுதான், மற்றது இருசம்மாளுடையது. அன்று அவள் சுண்ணாம்புக்குளத்தில் தங்கை வீட்டில் இருந்தாள், தன் பறியோடு. பிறகு நீ கொண்டுவந்து கொடுத்தது யார் வீட்டுப் பறி? அதை யார் பிய்த்தது?

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நான்கு நாட்களாக வேறு விளக்கம் தேடிப் பார்த்தேன். உனக்குச் சாதகமாகத்தான் தேடினேன்.

இருசம்மாள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். அவள் பிடிக்கும் இறாலை யாரும் வாங்கக்கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். நேற்று முன்தினம் இரண்டு பேர் பைக்கில் என் தெருவுக்கு வந்து, அமுதா டீச்சர் வீடு எது என்று விசாரித்துவிட்டு, உள்ளே வராமலே போனார்கள். உன் ஆட்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் காவல் நிலையத்துக்குப் போகிறோம். உன் கடிதத்தையும் எடுத்துப்போகிறேன். மற்றவர்கள் வாயால் நீ இதைக் கேட்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நீ திட்டுவதானால் என்னைத் திட்டு. அவள் உன்னைச் சபிக்கவில்லை. யார், எதற்கு, எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பொணத்தப் பாக்கல. பறியப் பாத்துதான் எனுக்குப் பொட்ட அழிச்சாங்க. அது அவரு பறி இல்லன்னா, நான் இப்ப பொட்டு வெச்சிக்கலாமா, வேணாமா? அத்த மட்டும் உன் தம்பியக் கேட்டுச் சொல்லும்மா."

வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு.

அமுதவல்லி

*

28.02.2024

அக்கா,

நிவேதாவுக்கு வெள்ளிக்கெழம பரிச்ச ஆரம்பிக்குது. அது முடியிற வரிக்கும் பொறுத்துக்கோன்னு எழுதினேன். அப்பறம் அந்தத் தாளக் கிழிச்சுட்டேன். அவள மட்டும் நீ இட்டுக்கினு போயி வெச்சிக்கோ.

இருசம்மாள் கேட்டதுக்கு.

பொட்டு வெச்சிக்க வேணாம்னு சொல்லு.

தாமு