ஓட்டை இல்லாத கெண்டி மூக்கு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். வில்லியனூரில் டவுன் பஸ் தவறிப் பாகூர் அகழாய்வு ஷெட்டுக்கு அரை மணி லேட். சோரியாங்குப்பம் குழியில் வந்த பானை ஓடுகள் இன்னும் ஆறு பை கழுவ வேண்டும். டூத் பிரஷ் தேய்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கெண்டிச் செம்புகளின் உடைந்த மூக்குகள் வைத்த தட்டைச் சரிபார்த்தேன். ஒன்று மட்டும் கனம். மண் அடைத்திருக்கும் என்று ஈர்க்குச்சியால் குத்தினேன். மண் இல்லை, ஓட்டையே இல்லை! தண்ணீர் எப்படி வரும்? ஆரஞ்சு நிறம், சொரசொரப்பு, சுற்றிலும் வரிகள். கேரட் நுனி மாதிரி.

எதிரே ஓடு பிரிக்கும் ஜமீலாவிடம் நீட்டினேன். "இன்னாடி, மூக்கடைப்பா?" சிரிப்பு.

ஜூலை 9, புதன்

ஷெட் பொறுப்பாளர் சாரிடம் சொல்லிவிட்டேன். ரோமானியர் கப்பலில் சரக்கு அனுப்பிய ஆம்ஃபோரா ஜாடிகளில் குட்டி ரகம் ஒன்று உண்டு, பேரீச்சம்பழம் போட்டதாம், அதன் அடி இது. படத்தில் பார்த்திருக்கிறேன்.

"ஆம்ஃபோரான்னா இடுப்பு ஒசரம் இருக்கும்மா. வெள்ளிக்கிழம ஓடு பாக்குற நிபுணர் மேடம் வர்றாங்க, கெடச்ச பொருள் லிஸ்ட்டு முடிச்சாச்சி. வுடு." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விட மாட்டேன். லிஸ்ட் போய்விட்டால் இது என்றைக்கும் மூக்குதான்.

ஜூலை 10, வியாழன்

தேவை: தோள், கைப்பிடி. அதே குழி, அதே மண்ணடுக்கு.
பை 4 இல்லை. பை 7 இல்லை. சாப்பிடவில்லை.
பை 11: விரல்கூட நுழையாத கைப்பிடி! தோளோடு. அதே மண், அதே வரி. நடுத்துண்டு இரண்டு. விளிம்போடு விளிம்பு வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஜமீலாவும் நானும் மணல் தட்டில் நிறுத்தினோம். ஒரு முழம் உயரம்.

"செலினு, நீ கெட்டிக்காரிடி." ஆமாம், கெட்டிக்காரிதான். இங்கே எழுதிக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்.

பிறகுதான் அடித்துண்டின் பைச்சீட்டைப் பார்த்தேன். 'கெண்டி மூக்கு'. என் கையெழுத்து! மார்ச்சில் நானே போட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கிழிச்சிப் போடுடி, யாருக்குத் தெரியப் போவுது" என்றாள் ஜமீலா. மனசு வரவில்லை. சீட்டை ஜாடி பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். மேடம் பத்தரைக்கு வந்தார். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொரு விளிம்பாகப் பார்த்தார்.

"குட்டி ஆம்ஃபோராவேதான். சந்தேகமே இல்ல."

சார் லிஸ்டைத் திருத்தினார். மேடம் பைச்சீட்டை எடுத்தார்.

"மூக்குன்னு எழுதுனது யாரு?"

சார் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டேன். "நாந்தான் மேடம்."

"மூக்கு இல்லன்னு கண்டுபுடிச்சது?"

"அதுவும் நாந்தான்."