கையில் போட்ட ஊசி

இன்று காலை எனக்குக் கொரோனா மருந்து கொடுத்தார்கள். வழக்கம்போலக் கையை நீட்டி உட்கார்ந்தேன். நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். "ஹாத் நஹீ அம்மா, நாக்" என்று இந்தியில் சொல்லி என் தலையைச் சாய்த்து மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள். தொண்டையில் கசப்பு இறங்கியபோது உன் நினைவுதான் வந்தது.

அறுபதுகளின் கடைசியில், நாம் இருவரும் போர்ட் பிளேரில் நர்ஸாக இருந்தபோது, கப்பலோடு வந்து இறங்கியதே ஒரு சளிக்காய்ச்சல். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு மட்டும் மெயின்லேண்டிலிருந்து கொஞ்சம் ஊசி மருந்து வந்தது. உனக்கு நான் போட்டேன், எனக்கு நீ போட்டாய்.

கடிதம் மேல் கடிதம் எழுதி அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து உன் அம்மாவை வரவழைத்திருந்தாய். அவர் மூச்சிழுப்புக்காரர். அதனால் உன் புரோத்ராபூர் வீட்டுக்குள்ளும் நீ மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டுதான் அவருக்குச் சோறு போட்டாய். ஒருநாள் அங்கே வந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏட்டி, ஊசி போட்ட பெறவும் என்ன இது, கொள்ளக்காரி மாதிரி? அவுத்துப் போடு. ஒம் மொகத்தப் பாக்கத்தான அம்மா இம்புட்டுத் தூரம் வந்திருக்காவ?"

அம்மா சிரித்தார். நீ அவிழ்த்துப் போட்டாய்.

உனக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். காய்ச்சல்கூட இல்லை. அந்த வாரமே அம்மா மூச்சுக்குத் திணறி, நாம் வேலை பார்த்த வார்டிலேயே போய்விட்டார்.

"நாந்தான் ஒட்ட வச்சிட்டேனாட்டி? ஊசி போட்டிருந்தேனே?"

எத்தனை முறை கேட்டாய்! "இல்லட்டி, கடக்காத்து அவியளுக்கு ஒத்துக்கல" என்றே ஒவ்வொரு முறையும் சொன்னேன். நீ நம்பவில்லை. அந்த ஊசியே நோயாக மாறி உனக்குள் இருந்ததென்று முடிவுகட்டினாய். அதற்குப் பிறகு யாருக்கும் ஊசி போடமாட்டேன் என்று ரிக்கார்டு அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். நன்றாக வேலை தெரிந்தவள், பழைய காகிதங்களுக்கு நடுவில் ஓய்வுபெற்று ஊருக்குப் போனாய். அங்கேயே கண்ணை மூடினாய்.

இன்று டாக்டரிடம் கேட்டேன், கையை விட்டு மூக்குக்கு ஏன் வந்தீர்கள் என்று. கையில் போடும் ஊசி ரத்தத்துக்கும் நெஞ்சுக்கும் காவலாம். மூக்கில் அந்தக் காவல் அவ்வளவாக இருக்காதாம். போட்டுக்கொண்டவர் லேசான சளியோடு தப்பிவிடலாம், ஆனால் அவர் மூக்கிலிருந்து அடுத்தவருக்குப் போகலாமாம். மூக்கிலேயே காவல் வைக்கத்தான் இந்தச் சொட்டாம்.

ஊசி நோயாக மாறவில்லையடி. நீ தெரிந்து ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தத் துணி ஒன்றுதான் அம்மாவுக்குக் காவலாக இருந்திருக்கிறது. அதை அவிழ்க்கச் சொன்னவள் நான். நீ உன்னையே நொந்துகொண்டிருந்த அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட என் பேச்சை நீ சொல்லிக்காட்டவில்லை. மறந்துபோனாயா, என்னைக் காப்பாற்றினாயா, தெரியவில்லை.

நீ இருந்திருந்தால் இதை ஓடிவந்து சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். நீ எதிரில் இருந்திருந்தால், இன்றைக்கும் கடற்காற்று என்றுதான் சொல்லியிருப்பேன்.