வெல்டருக்குப் போடாமல் விட்ட ஊசி

மார்ச் 4, செவ்வாய்
தீக்காய வார்டில் புதிதாக ஒரு வெல்டர். உடம்பில் பாதி வெந்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாக உணவும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஊசியும் உடனே ஆரம்பித்தோம். அவர் மனைவிக்குப் புரியவில்லை. "தோலுதானே வெந்திருக்கு, வயித்துக்கு எதுக்கும்மா ஊசி?"
"இவ்வளவு பெரிய காயம்னா வயித்துக்குள்ளயும் புண்ணு வரும். வராம பாத்துக்கணும்."

மார்ச் 7, வெள்ளி
தோல் ஒட்டும் ஆபரேஷன் முடிந்து வந்தார். மருந்துச் சீட்டைப் புதிதாக எழுதியதில் வயிற்று ஊசி விட்டுப்போயிருக்கிறது. ஆபரேஷனுக்காக நிறுத்திய குழாய் உணவும் நிறுத்தியபடியே இருக்கிறது. இரண்டு மணிக்கு டியூட்டி மாறும்போது, அடுத்த டியூட்டிக்கு வந்த வாலுவிடம் சொன்னேன்: "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு. வந்ததும் ரெண்டையும் எழுதி வாங்கிடு."
"போடி, நான் பாத்துக்கறேன். உனக்கு பஸ் போயிடும்."
நர்சிங் படித்த காலத்திலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவளிடம் சொன்னபின் நோட்டில் வேறு எழுதணுமா என்ன?

மார்ச் 10, திங்கள்
இரண்டு நாள் லீவு முடிந்து போனால், வெல்டர் ரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஊசி போடவே இல்லை. குழாய் உணவும் இல்லை. இரைப்பையில் புண். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 11
தலைமை நர்ஸ் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வாலு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை, சிஸ்டர்."
எப்படிடி வாய் வந்துச்சு உனக்கு?
நோட்டில் என் எழுத்து எதுவும் இல்லை. மெமோ எனக்கு.

மார்ச் 12
பொய் சொன்னது அவள். மெமோவுக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தது நான்.

மார்ச் 14
மாடிப்படியில் மறித்துக் கேட்டேன். அழுதாள். "சத்தியமா மறந்துட்டேன்டி. எங்க வீட்டுக்காரருக்கும் வேலையில்ல. நீ தனியாளு, சமாளிச்சுப்ப."
தனியாள்! இத்தனை நாள் என்னை இப்படித்தான் எடை போட்டு வைத்திருந்தாளா?
"அவரு செத்திருந்தா?" என்றேன்.

மார்ச் 17
மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டேன். சொன்னேன் என்றும், எழுதி வைக்காதது என் தப்பு என்றும். இரண்டும் உண்மை. வெல்டருக்கு ரத்தக்கசிவு நின்றுவிட்டது.

ஏப்ரல் 2
வெல்டர் வாயால் சாப்பிடுகிறார். வார்டில் புது விதி: வயிற்று ஊசியையும் குழாய் உணவையும் டியூட்டி மாறும் இருவரும் படுக்கையருகே நின்று சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இன்று வாலுவோடு என் முறை.
"ஊசி போட்டாச்சுடி" என்றாள்.
காலிக் குப்பியைக் காட்டச் சொன்னேன். முகம் செத்துப்போய் எடுத்துக் காட்டினாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் வெல்டரின் பெயரையும் தேதியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.
"சரிங்க, சிஸ்டர். நீங்க கிளம்புங்க" என்றேன்.