கட்டிப்பால் குழியில் ஒரு பிடி

மச்சான்,

போன வாரம் செமோர் போகும் வழியில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தோம். ஒரு லாரி வந்து பக்கத்தில் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும் உள்ளே இருப்பது என்ன என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கட்டிப்பால். கோப்பையில் உறைந்த ரப்பர்பால் நாள்கணக்கில் புளித்தால், செத்த எலியையும் கெட்ட மோரையும் சேர்த்துக் கலக்கியதுபோல் நாறுமே, அதேதான். கார் ஓட்டி வந்த என் கடைக்குட்டி மகள் கண்ணாடியை ஏற்றக் கையை நீட்டினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"மூடாதே."

"அப்பா, எனக்கு வாந்தி வருது!"

"எனக்குச் சந்தோசமா இருக்கு."

வயசான கோளாறு என்று நினைத்திருப்பாள். ஆனாலும் ஈப்போ கல்லூரியில் மனசைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் ஆயிற்றே, சும்மா விடுவாளா? பரிணாம உளவியல் என்று ஒன்று இருக்கிறதாம். பயம், அருவருப்பு, பாசம், கோபம் எல்லாம் லட்சக்கணக்கான வருசம் பிழைத்துக் கிடந்தவர்கள் நமக்கு விட்டுப்போனவையாம். அழுகியதைக் கண்டு முகம் சுளிக்காதவன் அதைத் தின்று செத்தான், சுளித்தவன் பிள்ளை பெற்றான், நாமெல்லாம் அந்தச் சுளித்தவன் வம்சம் என்றாள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு இது உடனே புரிந்தது. அவள் புத்தகத்தில் படித்ததை நீயும் நானும் கழுத்தளவு அனுபவித்தவர்கள் இல்லையா?

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். பால்மரம் வெட்டுவது பாதி நின்றுபோய், மரவள்ளி நட்டுத் தின்று உயிரை வைத்திருந்தோம். என் மனைவி தலைப்பிள்ளையை ஏழு மாசமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் பகலில் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் பின்னால் நீயும் நானும் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் நமக்கு முன்னால், நாற்பது ஐம்பது அடி தள்ளி இருந்தார். அப்போதுதான் மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள்.

அந்தச் சத்தம் கேட்டால் பெரட்டு. தினமும் விடியுமுன் வரிசையில் போய் நின்று பேர் கொடுப்பதுதானே தோட்டத்து ஆள்களின் வாழ்க்கை. அதிலும் நான் எப்படிப்பட்டவன்! பெரட்டுக்கு முதல் ஆளாக வருகிறவன் என்று கங்காணி ஒரு தடவை சொல்லிவிட்டார், அதை வைத்துக்கொண்டு வருசக்கணக்கில் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன். உச்சி வெயிலில் எதற்குப் பெரட்டு என்று என் மூளை கேட்கவே இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து அழகாகக் கட்டிக்கொண்டேன், கால் கிளம்பிவிட்டது. தோட்டமே அப்படித்தான் கிளம்பியது, மச்சான். யாரும் யாரையும் துரத்தவில்லை. நாங்களாகவே நடந்தோம்.

நீ என் இடது மணிக்கட்டைப் பிடித்தாய்.

"எங்க போற?"

"பெரட்டுடா. விடு, பேரு போடமாட்டாங்க."

"இந்நேரத்துல ஏதுடா பெரட்டு? லோரி சத்தம் காதுல விழல? சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிக்க வந்துட்டானுங்க."

கெட்டுப்போன கட்டிப்பாலைக் கொட்டும் குழி ஸ்டோருக்குப் பின்னாலேயே இருந்தது. அதற்குள் என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாய். உயிர் போகிற நேரத்தில் நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "மச்சான், வேட்டி போச்சு."

"உசுரு இருக்குல்ல? வாயை மூடு."

ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு குழியின் விளிம்புவரை வந்தான். எட்டிப் பார்க்கக் குனிந்தவன் குமட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி திரும்பி ஓடினான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீ என் வாயை அடைத்த கையும் அதே நாற்றம். லாரி போன பிறகு மேலே ஏறிச் சொன்னாய்: "துப்பாக்கி அவன் கையில. ஆனா அவனை வெரட்டுனது அவன் மூக்குதான்லா."

இதை மகளிடம் சொன்னபோது தொடையில் தட்டிச் சிரித்தாள். "அருவருப்புன்னா அதாம்ப்பா. ராணுவக் கட்டளையைவிட அது ரொம்பப் பழசு."

பிறகு நடந்ததைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. உன் அண்ணன் வரிசையில் போய் நின்றார். லாரியில் ஏறினார். திரும்பி வரவில்லை.

என் மகன் பிறந்தபோது நீ வந்து தூக்கினாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் அண்ணன் இருக்கவேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்து பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. யுத்தம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, ஈப்போவில் ஒரு கோப்பிக் கடையில் வைத்துத்தான் வாய் வந்தது.

"ஏன்டா என்னைப் புடிச்ச? சொந்த அண்ணன் அங்க நின்னாரே."

நீ ரொட்டியைக் கோப்பியில் முக்கித் தின்று முடித்துவிட்டுச் சொன்னாய்: "அவன் தூரத்துல இருந்தான். கத்துனா அவனுங்களுக்கும் கேட்டுருக்கும். கைக்கு எட்டுன கையைப் புடிச்சேன். அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" என்னை எத்தனை வருசம் குடைந்தது தெரியுமா? அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் அவரைத்தான் பிடித்திருப்பாய், நான் சும்மா அகப்பட்டவன் என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் வாரம் தவறாமல் கோப்பெங்கில் உன் வீட்டுக்குப் பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தேன். "பலாப்பழ வியாபாரி வந்துட்டாரு" என்று நீ கேலி பண்ணுவாய். குற்ற உணர்ச்சிக்கும் வேலை இருக்கிறது, அறுந்துபோகக்கூடிய உறவைக் கட்டிவைக்கத்தான் அது என்கிறாள் மகள். இருக்கலாம். நாற்பது வருசம் நம்மைக் கட்டிவைத்தது பலாப்பழம்தானே.

ஆனால் ஒரு இடத்தில் அவளை மடக்கிவிட்டதாக நினைத்தேன். "ரத்தத்துக்குத்தான் மனுசன் உயிரைக் கொடுப்பான்னு உங்க புத்தகம் சொல்லுதே. மச்சான்னு கூப்புடுவேன், ஒரே தோட்டத்துல வளந்தோம், மத்தபடி அவன் என் சொந்தம் இல்லையே. புத்தகம் தப்பு!"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ரத்தம் கண்ணுக்குத் தெரியாதுப்பா. ஆதி மனுசன் எப்படிக் கண்டுபுடிப்பான்? ஒண்ணா வளந்தவன், ஒரே சட்டியில தின்னவன், எந்நேரமும் பக்கத்துல இருக்கிறவன், அவன்தான் கூடப் பொறந்தவன்னு மனசு முடிவு பண்ணிக்கும். யோசிக்க நேரம் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாரோ தெரியாது. யோசிக்கிறதுக்கு முன்னாடியே கை போச்சுல்ல? கை பொய் சொல்லாதுப்பா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்றத்தில் கண் கரிக்கிறது என்றேன். லாரி எப்போதோ போய்விட்டிருந்தது.

நீ போய் ஒரு வருசமாகிறது. இருந்திருந்தால் அன்றைக்கே காரைக் கோப்பெங்குக்குத் திருப்பச் சொல்லியிருப்பேன். உன் அண்ணனுக்குப் பதிலாக நான் பிழைக்கவில்லை, மச்சான். அன்றைக்கு உனக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவனைத்தான் கை எட்டியது. இதை இப்போது யார் முன்னாலும் நிமிர்ந்து சொல்வேன்.

வீட்டில் இறங்கும்போது மகள் சிவந்த மணிக்கட்டைக் காட்டினாள். "என்ன புடிப்பா இது!"

"அது உன் பெரியப்பா புடிச்ச புடி."

"யாரு? கோப்பெங் மாமாவா?"

"பெரியப்பான்னு சொல்லு."

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே மணி அடித்தால் இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். கால் இரண்டடி போய்விடும். அப்புறம் இடது மணிக்கட்டில் உன் ஐந்து விரலும் இறுகும். நின்றுவிடுவேன்.