நம் இருவருக்கும் ஒரு ‘உள்ளேன்’

கல்லறைத் திருநாள் பூசையில் நம் பெயரை வாசித்தபோது ‘உள்ளேன்’ என்று சொன்னது யார்? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் இதை உன்னைத் தவிர யாருக்கும் எழுத முடியவில்லை.

அன்று காலை மழை விட்டிருந்தது. கல்லறைகளுக்கு அடித்த ஈரச் சுண்ணாம்பும் உருகும் மெழுகும் கலந்த வாசனை கோவிலுக்குள்ளும் வந்தது. உன்னைச் சிங்கப்பூரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். திருக்காட்டுப்பள்ளியில் உனக்கொரு கல் இல்லை. இறந்தோர் பட்டியலிலாவது இருக்கட்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“மேடம், மேல செத்தவங்க பேரு. கீழதான் எழுதிக் குடுக்கிறவங்க பேரு. ரெண்டுலயும் உங்க பேரையே போட்டிருக்கீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதாங்க. அ. சகாயமேரி.”

“இனிஷியலுமா?”

சிரிக்கலாமா என்று யோசித்து, சிரிக்காமல் பெட்டியில் போட்டார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. என் இடது மார்பில் ஒரு கட்டி. ஊசி வைத்துத் திசு எடுத்து, தஞ்சாவூரில் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் முடிவு. உன்னைக் கொண்டுபோனதும் அதே இடத்துக் கட்டிதான்.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் நாம் ஒரே பெயரில் அடுத்தடுத்த வரிகள். நடவு நாட்களில் நான் அம்மாவோடு வயலுக்குப் போய்விடுவேன். உன் முறைக்கு உன் குரலிலும், என் முறைக்கு என் குரலிலும் நீயே ‘உள்ளேன் டீச்சர்’ சொல்வாய். என் மூக்கடைப்பைக்கூட விடமாட்டாய். “நான் இருக்கிற வரைக்கும் உனக்கு ஆப்சென்ட் விழாதுடி” என்பாய்.

பிறகு நான் மண்ணைப் படித்தேன், நீ கதை எழுதினாய். ஊரே பாஸ்போர்ட் எடுத்த வருடங்களில் நீயும் கணவரோடு விமானம் ஏறினாய். அங்கிருந்து நீ எழுதிய கதைகளும், நெல் வயல்களில் துத்தநாகக் குறைவு பற்றி நான் எழுதிய கட்டுரைகளும் ஒரே பெயரில் அச்சாயின. மன்னார்குடி விவசாயி ஒருவர், நட்ட பயிர் ஏன் மஞ்சளடித்துப் பழுக்கிறது என்று பத்திரிகை வழியாக உன்னைக் கேட்டார். கதையில் அந்தப் பெண் ஏன் ஊர் திரும்பவில்லை என்று என் ஆய்வு நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது.

“ஜிங்க் சல்பேட் போடச் சொல்லிட்டேன், சரிதானே?” என்று போனில் கேட்டாய்.

“அவளுக்கு லீவு கிடைக்கலைன்னு நான் எழுதிட்டேன்” என்றேன். வெகுநேரம் சிரித்தாய். உன் வாசகர்கள் இன்னமும் எனக்கு எழுதுகிறார்கள். பதில் போடுகிறேன், நம் பெயரில்.

சாமியார் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார். நம் பெயர் வந்தது. எனக்குப் பின்னாலிருந்து ‘உள்ளேன்’ என்று கேட்டது. தணிந்த, மூக்கடைத்த குரல். உன்னுடையது அல்ல, என்னுடையது.

பக்கத்தில் இருந்த பெண் திரும்பினாள். “எதுக்குக்கா பதில் சொல்றீங்க?”

நான் வாயைத் திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பின்வரிசையில் ஆளில்லை. ஈரக் குடை ஒன்று மட்டும் சாய்ந்திருந்தது. பயந்திருப்பவளின் காது நம்பத்தக்க கருவி அல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தும், இறந்தவர்கள் பட்டியலில் எனக்கு வருகை போட்டுவிட்டாயோ என்று பயந்தேன். நீ எனக்காகச் சொன்ன நாட்களில் எல்லாம் நான் வகுப்பில் இருந்ததில்லை, முழங்கால் சேற்றில் உயிரோடு நின்றிருந்தேன். வீடு வரும்வரை அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் தஞ்சாவூரில், சோதனைக் கூடத்துப் பெண் ஒரு கவரை எடுத்து நம் பெயரைக் கூப்பிட்டாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

“உள்ளேன்” என்றேன்.

“ஸ்கூலா மேடம் இது?” என்று சிரித்தாள்.

சாதாரணக் கட்டி, புற்று இல்லை என்று எழுதியிருந்தது. பஸ் திருக்காட்டுப்பள்ளி வந்து சேரும்வரை எனக்கு மூக்கு அடைத்தே இருந்தது.