பாண்டு செட்டிங்

சேரப்பணஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை

கார்முகிலின் அப்பாவுக்கு மரகதம் எழுதுவது.

நீங்கள் நலமாக இருப்பது படங்களிலேயே தெரிகிறது. என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் இதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து, உங்களோடு வந்திருக்கும் உங்கள் தம்பி பெண்சாதி கவிப்பிரியாவுக்கு அனுப்புகிறேன். கவிப்பிரியா, உன் மாமா கண்ணாடியைக் காணோம் என்று நழுவப் பார்ப்பார். நீயே சத்தமாகப் படித்துக் காட்டு.

மேல்சித்தாமூர் சமண மடத்தில் கைகூப்பி நின்றது, புதுச்சேரி கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றது எல்லாம் குரூப்பில் வந்தது. கேரவனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கிறதாமே, கொடுத்து வைத்தவர்தான். ஐஸ்கிரீம் படத்தைக் கார்முகில் பெரிதாக்கிப் பார்த்தான். இடது கை இன்னும் பழகவில்லை. போன் நழுவி விழுந்துவிட்டது.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. நான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் அந்த விபத்தைப் பற்றி விசாரணை. நீண்ட சர்வீஸுக்குப் பரிசு, குடும்பத்தோடு கடலோர ஊர்களும் பழைய மடங்களும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எச்.ஆர். ஜோதி மேடம் கேரவன் சாவியைக் கொடுத்தபோது, அதை ஏன் இந்த வாரம் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். "உனுக்கு இன்னா தெரியும், வாய மூடிகினு இரு" என்றீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் தகடு அடிக்கிற அந்த பிரஸ் மெஷின் இறங்கும். கை உள்ளே சிக்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள்தான் ஒரு பட்டனில் அட்டையைச் செருகி டேப் ஒட்டி, ஒரு கையிலேயே வேலை நடக்க வழி செய்தீர்கள். உற்பத்தி ஏறியது, உங்களுக்குச் சால்வை போட்டார்கள், லைன் முழுக்க அதை உங்கள் பெயராலேயே "பாண்டு செட்டிங்" என்று சொன்னார்கள். ஆயுத பூசைக்கு அந்த டேப்புக்கும் குங்குமம் வைத்தவர் நீங்கள். பெற்ற பிள்ளையை அதே லைனில் சேர்த்து, முதல் நாளே அதை ஒட்டச் சொல்லிக் கொடுத்தவரும் நீங்கள்.

இப்போது பையனே தன் இஷ்டத்துக்கு ஒட்டினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியே முடித்துவிட்டால் வேலையும் போய்விடும், இழப்பீடும் கிடையாது, ஒரகடத்தில் வேறு எந்தக் கம்பெனி கேட்டிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். லைன் பிள்ளைகளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். "நாங்க இன்னா பண்றதுக்கா, எங்க பொழப்பும் கீதே" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். நான்தான் செய்யச் சொன்னேன் என்று சூப்பர்வைசர் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எங்கே இருந்தாலும் பஸ் பிடித்து வந்துவிடுங்கள். உங்களிடம் நான் இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை.

மரகதம்


தரங்கம்பாடி,
புதன்கிழமை

அன்புள்ள மரகதத்துக்கு,

இங்கே கோட்டைக்குப் பக்கத்திலேயே கடல். நேற்று தருமபுரம் மடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், மனசு கொஞ்சம் அடங்கியது. பூம்புகாரில் புத்த பிக்குகள் தங்கிய மடத்தின் செங்கல் தரை இருக்கிறதாம், அதை வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிறோம்.

நான் வந்து சொன்னால் கேஸ் என்மேல் திரும்பும். ஓய்வு பெறுகிற நேரத்தில் எனக்கு இது தேவையா? அவனுக்கு வயசு இருக்கிறது, எப்படியாவது எழுந்துவிடுவான். வண்டியை நடுவழியில் விட்டு வந்தால் மேடம் என்ன நினைப்பார்கள்? நீ படித்துக்காட்டச் சொன்ன கடிதத்தால் கவிப்பிரியா முன்னால் எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?

மடத்தில் விபூதி வாங்கியிருக்கிறேன். கொண்டு வருகிறேன், அவன் கையில் பூசிவிடு.

பாண்டுரங்கன்


சேரப்பணஞ்சேரி,
சனிக்கிழமை

கார்முகிலின் அப்பாவுக்கு,

பயப்படாமல் படியுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். "நானாத்தான் ஒட்னேன், எங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டான். கையெழுத்துப் போட வரவில்லை என்று இடது கட்டைவிரல் ரேகை வாங்கியிருக்கிறார்கள், டிப்ளமா படித்த பிள்ளையிடம். வெளியே வந்ததும் ஏன்டா இப்படிச் செய்தாய் என்று ரோட்டிலேயே அவனை அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. "கடைசி வரிக்கும் அவுரு வருவாருன்னு கதவையே பாத்துகினு இருந்தேம்மா. வரலன்னதும் பொய் சொல்றது சுலுவா பூட்ச்சு" என்றான்.

நேற்றுச் சாயங்காலமே அவன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஜோதி மேடம் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார். கேரவனை இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளலாமாம், உங்களிடம் சொல்லச் சொன்னார். பார்க்காத மடம் ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டே வாருங்கள்.

வந்த பிறகு நான் சண்டை போட மாட்டேன். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்துவிட்டேன், காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். இடது கையால் சோறு தின்ன மாட்டேன் என்கிறான் கார்முகில். இனி அவனுக்குப் பிசைந்து ஊட்டுவது உங்கள் வேலை. வேறு யாரையும் அதற்கு வைக்க மாட்டேன்.

நேற்று அம்மன் கோயிலுக்குப் போய் உங்களுக்காக மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். நீங்கள் சீக்கிரம் போய்விடக் கூடாது. ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான், நீங்களும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும். அதற்கு நிறைய வருஷம் வேண்டும்.

தீர்க்காயுசாக இருங்கள்.

மரகதம்